பத்துக்குப் பத்து

அந்த ஆய்வுப் பிரிவில் நான்கு அறைகள். மூச்சுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, ரத்தமும் சிறுநீரும் எடுக்க ஒன்று, காலுக்கு ஒன்று. ஆஸ்துமாவும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்து, இரண்டு நோயும் கூட்டணி போட்டுக்கொண்டு உடம்புக்குள்ளே எதையெதைக் கெடுக்கின்றன என்று நாலு வருஷமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கால் அறை சிஸ்டருடையது.

மற்ற மூன்று அறை வாசலிலும் எப்போதும் கூட்டம் நிற்கும். மூச்சு அறையில் இருந்தவரை எல்லோரும் ஊதல் மாஸ்டர் என்பார்கள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்று அவர் போடுகிற சத்தத்தில், முதல்தடவை வருகிறவர்கள் உள்ளே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். கண் அறையில் மருந்து விட்டு அரைமணி காத்திருக்க வேண்டும். ரத்த அறையில் நரம்பு கிடைக்காமல் ஆளுக்கு நாலு குத்து. கால் அறையில் மட்டும் ஆறு நிமிஷம். உள்ளே போனதே தெரியாது, வெளியே வந்திருப்பார்கள்.

"சிஸ்டர் ரூம்ல காலை வெச்சா போதும், பாஸ்தான்" என்பார் ஊதல் மாஸ்டர். பொறாமையில் சொல்கிறார் என்று சிஸ்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு கைப்பிடியில் மீன்பிடி நரம்பு மாதிரி விறைப்பான நைலான் இழை. படுத்திருக்கிறவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளங்காலில் பத்து இடத்தில் அந்த இழையை, அது லேசாக வளைகிற வரைக்கும் அழுத்தித் தொட வேண்டும். தொட்டது தெரிந்தால் "ஆமா" என்று சொல்ல வேண்டும். பத்து இடமும் தெரிந்தால் பத்துக்குப் பத்து. காலில் உணர்ச்சி மரத்துப்போகத் தொடங்கியிருந்தால் ஆறு, நாலு என்று இறங்கும். தொடுகிறவர் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. "இப்ப தெரியுதா?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்காவது தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். பயிற்சிக்கு வந்த சின்ன நர்சுகள் அப்படிக் கேட்டுவிட்டால் சிஸ்டர் அவர்களை ஒரு பிடி பிடித்துவிடுவார். அவர் மட்டும் வாயில் தண்ணீர் வைத்திருக்கிற மாதிரி இருப்பார். ஒரு முனகல்கூட வராது.

அவருடைய நாற்காலிதான் முனகும். மூடிப்போன ஏதோ ஒரு வார்டிலிருந்து வந்த சுழல் நாற்காலி. கட்டிலின் கால்மாட்டில் அதைப் போட்டு உட்கார்ந்து, இழையை நீட்டி முன்னால் சாய்ந்தால் 'கீச்' என்று ஒரு சத்தம். தொட்டுவிட்டு நிமிர்ந்தால் சத்தம் கிடையாது. மறுபடி சாய்ந்தால் மறுபடி கீச். முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் வீட்டுக்காரரின் குறட்டை மாதிரி காதில் விழாமலே போய்விட்டது.

நாலு வருஷத்தில் அந்த அறையின் கணக்கைப் பார்த்துப் பெரிய டாக்டரே அசந்து போயிருந்தார். மற்ற ஊர்களில் இதே மாதிரி நோயாளிகளில் பலருக்குக் கால் மரத்துப்போயிருக்க, இங்கே மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். சர்க்கரை இருந்தும், மூச்சுக்கு வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு இழுத்தும், இவர்கள் கால் நரம்பு எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று டாக்டர் ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அதை அனுப்புவதாக இருந்தது. கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற இடத்தில் சிஸ்டரின் பெயரும் இருந்தது. டாக்டர் அதைக் காட்டியபோது சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

திங்கட்கிழமை காலை தையல்காரம்மா வந்தார். அவர் வரவேண்டிய முறை இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். காலால் மிதிக்கிற இயந்திரம், காலிலே செருப்பு கிடையாது. செருப்பு போட்டால் மிதி சரியாக வராது என்பார். இழுத்து இழுத்து மூச்சு விட்டாலும் பேச்சை மட்டும் விடமாட்டார். ஊதல் மாஸ்டரே அவரிடம் தோற்றுப்போவார். இந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் சுமார், மூச்சு மோசம், கால் மட்டும் பத்துக்குப் பத்து என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருப்பவர். அன்றைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். வலது பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, பெருவிரலுக்குக் கீழே கறுத்திருந்தது.

கட்டுப் போடும் அறையில் அதைக் கீறிப் பார்த்த சின்ன டாக்டர், இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்து ஒரு தட்டில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது. பாதி உடைந்த தையல் ஊசி.

எப்போது குத்தியது என்று கேட்டார்கள். தையல்காரம்மாவுக்கே தெரியவில்லை. போன வாரம் ஊசி ஒன்று உடைந்தது, பாதி கிடைத்தது, மீதியைத் துணியில் தேடினேன், தரையில் தேடினேன் என்றார். காலில் தேட அவருக்குத் தோன்றவே இல்லை. கால்தான் நல்ல காலாயிற்றே.

பெரிய டாக்டர் வந்து, மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்த தாளைப் பார்த்தார். பத்துக்குப் பத்து. சிஸ்டர் கையெழுத்து.

"இப்ப ஒருதடவை பாருங்க சிஸ்டர்" என்றார். "நல்லா இருக்கற கால்ல."

சிஸ்டர் பையிலிருந்து இழையை எடுத்தார். அந்த அறையின் கட்டில் உயரமானது, உட்கார வேண்டியதில்லை. நின்றபடியே குனிந்தார். தையல்காரம்மா பழகிய ஆள், சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார். சிஸ்டர் இடது பாதத்தில் முதல் இடத்தைத் தொட்டார். இழை வளைந்தது. பதில் இல்லை. அடுத்த இடம். பதில் இல்லை. குதிகால், ஓரம், நடு, விரல் நுனி. பத்தும் முடிந்தது.

தையல்காரம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"ஆரம்பிங்க சிஸ்டர், நான் ரெடி."

பெரிய டாக்டர் மெதுவாக, ஆகிவிட்டது அம்மா, கண்ணைத் திறங்கள் என்றார். தையல்காரம்மா சிரித்தார். என்னை ஏமாற்றாதீர்கள் டாக்டர், சிஸ்டர் இன்னும் தொடவே இல்லை என்றார். பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மூன்றே மாதத்தில் இவ்வளவு வேகமாகப் போயிருக்கிறதே என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தாளில் எழுதிக்கொண்டே வெளியே போனார். சிஸ்டர் பின்னாலேயே போயிருப்பார். அதற்குள் தையல்காரம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து, காதோடு கேட்டார்:

"ஏன் சிஸ்டர், இங்க அந்த கீச் சத்தம் இல்லையே. அது வந்தாத்தானே நான் ஆமான்னு சொல்லணும்?"

யாராவது கேட்டார்களா என்று சிஸ்டர் முதலில் கதவைத்தான் பார்த்தார். பிறகு, பேசாமல் படுங்கள், மூச்சு வாங்குகிறது பாருங்கள் என்று அதட்டினார். அதட்டியது தன் காதுக்கே பொறுக்கவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் எண்ணெய் கேட்டார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சமையலறைச் சாமான்களைவிட அதிகமாக எண்ணெய்க் குப்பி வைத்திருப்பவர். எதற்கு என்றார். நாற்காலிக்கு என்றார் சிஸ்டர்.

"அது நாலு வருஷமா கத்துதுன்னு சொல்லிக்கிட்டிருக்கே. நானும் கொண்டு போ, கொண்டு போன்னேன். அப்பல்லாம் நேரமில்லை. இப்ப என்ன வந்துச்சு?"

சும்மாதான் என்றார் சிஸ்டர். அவர் குப்பியை எடுத்து ஒரு துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு சொட்டு போதும்மா, குளிப்பாட்டிடாதே என்றார். மற்ற நாளென்றால் சிஸ்டர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அன்றைக்குக் குப்பியைக் கைப்பைக்குள் வைத்து, யாரோ பார்க்கிற மாதிரி ஜிப்பை இழுத்து மூடினார்.

கணக்கு அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. நாற்காலியை வாயடைத்துவிட்டால் இனி வருகிற எண்கள் உண்மையாக இருக்கும். பழைய எண்கள் பழையவை. நடுவில் நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், டாக்டரே அப்படித்தானே சொன்னார். யாரும் கெட்டுப்போக மாட்டார்கள், யாரும் தலைகுனிய வேண்டாம். முப்பது வருஷம் நல்ல பேர் எடுத்தவளுக்கு ஒரு நாற்காலியாலா கெட்ட பேர் வரவேண்டும் என்று தன் பக்கம் தானே வழக்காடிப் பார்த்தார். ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டபோது தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் நாற்காலியைக் கவிழ்த்து எண்ணெய் விட்டார். நாலைந்து தரம் சாய்ந்து பார்த்தார். சத்தமே இல்லை. இவ்வளவு சுலபமாக இருந்ததா என்று அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் போன தடவை ஒன்பது, பத்து. இந்தத் தடவை மூன்று பேருக்கு நாலைத் தாண்டவில்லை. ஒருவர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணை மூடிக்கொண்டு அரைக் கொட்டாவி விட்டுப் படுத்திருந்தார். பாதி முடிந்த பிறகு, போன் ஏதாவது வந்திருக்கிறதா சிஸ்டர், ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று விசாரித்தார்.

அவர்கள் காலை இப்போதுதான் சிஸ்டர் நிஜமாகப் பார்த்தார். வெடிப்பு, கொப்புளம், செருப்பு அறுத்த தழும்பு. ஒருவர் குதிகாலில் சின்னக் கண்ணாடிச் சில்லு. "இதோட நடந்தீங்களா?" என்று கேட்டதற்கு, என் கால்தான் ஒன்றும் ஆகாத கால் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே சிஸ்டர் என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

மத்தியானம் சிஸ்டர் சாப்பிடவில்லை. வார்டுக்குப் போனார். தையல்காரம்மாவின் பெருவிரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் வழக்கம்போல் ஏதாவது கிண்டல் வரும் என்று பார்த்தால், கண் கலங்கிவிட்டார்.

"என்னைத் திட்டாதீங்க சிஸ்டர். ஒரு வருஷமாவே எனக்கு ஒண்ணும் தெரியலை. சத்தம் கேட்டா ஆமான்னுடுவேன்."

ஏன் என்று கேட்காமலே அந்த அம்மா சொன்னார். ஒவ்வொரு தடவையும் சோதனை முடிந்ததும் சிஸ்டர் பாதத்தைத் தட்டிக்கொடுத்து, நல்ல கால், என்பாராம். கண்ணிலும் குறை, நெஞ்சிலும் குறை, சிறுநீரிலும் ஏதோ புரதம் போகிறது என்கிறார்கள். போகிற அறையெல்லாம் திட்டு. ஒரு அறையிலாவது நல்ல பேர் வாங்கிக்கொண்டு போகலாமே என்று தோன்றியதாம்.

"நான் உங்களை ஏமாத்திட்டேன் சிஸ்டர்."

அந்த வார்த்தைதான் சிஸ்டரைக் குத்திவிட்டது. விரல் போகப்போகிறவள் மன்னிப்புக் கேட்கிறாள். கேட்க வேண்டியவள் எண்ணெய்க் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள். நீங்க ஒண்ணும் பண்ணலை அம்மா என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தைரியம் போதவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை காலை பெரிய டாக்டர் ஆய்வுப் பிரிவு முழுவதையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இரவெல்லாம் தூங்காத முகம். கட்டுரையை நிறுத்தி வைத்துவிட்டதாகச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் நோயாளிகளுக்கெல்லாம் ஒரு புது இன்ஹேலர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கால் உணர்ச்சி இப்படிச் சரிந்திருக்கிறது, அதுவும் ஒருவருக்கு இல்லை, நான்கு பேருக்கு. அந்த மருந்துதான் நரம்பைத் தாக்குகிறதோ என்று சந்தேகப்பட்டார். இன்றைக்கே எல்லோருக்கும் போன் செய்து அதை நிறுத்தச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

ஊதல் மாஸ்டர் தலையைச் சொறிந்தார். அந்த இன்ஹேலர் வந்த பிறகுதான் பாதிப் பேர் இரண்டு மாடி ஏறுகிறார்கள் டாக்டர், சட்டென்று நிறுத்தினால் பனிக்காலத்தில் வரிசையாக ஆக்சிஜன் கட்டிலில் வந்து படுப்பார்கள் என்றார். தெரியும், ஆனால் காலா மூச்சா என்று வந்தால் நான் என்ன செய்ய என்றார் டாக்டர். கூட்டம் கலைந்தது. போனை எடுக்கக் கை நீட்டிய டாக்டர், வாசலிலேயே நின்ற சிஸ்டரைப் பார்த்தார்.

உட்காரச் சொன்னார். நின்றுகொள்கிறேன் என்றார் சிஸ்டர்.

"மருந்து இல்லை டாக்டர். என் நாற்காலி."

டாக்டருக்குப் புரியவில்லை. சிஸ்டர் சொன்னார். சாய்ந்தால் கீச், கீச் என்றால் ஆமா. நாலு வருஷமும். சொல்லச்சொல்ல, அது சிரிப்பாகக்கூட இருந்தது. ஊதல் மாஸ்டர் கேட்டிருந்தால் பத்து நாளைக்குச் சொல்லிச் சிரிக்கிற கதை. டாக்டர் சிரிக்கவில்லை.

"நேத்து ஏன் சத்தம் இல்லை?"

"எண்ணெய் போட்டேன்."

"எப்ப?"

"நேத்துக் காலையில. யாரும் வர்றதுக்கு முன்னாடி."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். சிஸ்டரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், இதுவரை குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் சிஸ்டர் தாங்கிக்கொண்டிருப்பார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுக்கு முன்னாடி எப்பவாவது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது பொய்கூட இல்லை, முக்கால் உண்மை. ஆனால் மீதிக் கால் பங்கு ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவது வருஷம், ஒருநாள், தும்மல் வந்து முன்னால் சாய்ந்தார். இழை காலைத் தொடவே இல்லை. கீச் என்றது நாற்காலி. ஆமா என்றார் கட்டிலில் இருந்தவர். சிஸ்டருக்கு அப்போது சிரிப்பு வந்தது. வெளியே இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

"ஒருதடவை" என்றார். "தெரிஞ்சும் விட்டுட்டேன்."

மேலே எழுத வேண்டியவர்களுக்கு எழுதுவேன், நாலு வருஷக் கால் கணக்கும் போயிற்று, மற்ற மூன்று அறைக் கணக்கு மிஞ்சும், இன்ஹேலரை நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். கடைசியாக, எல்லோரையும் திரும்ப வரவழைக்க வேண்டும், சோதனையை வேறு ஒருவர் செய்யட்டும், கூப்பிடுகிற வேலையை நீங்கள் செய்யுங்கள் என்றார்.

"என்ன காரணம்னு சொல்லட்டும் டாக்டர்?"

"நடந்ததைச் சொல்லுங்க. வெறுங்காலோட நடக்காதீங்கன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் நடந்ததைச் சொல்லுங்க."

அன்றைக்கு மத்தியானமே தையல்காரம்மாவிடம் போனார். இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டு சொன்னார். அந்த அம்மா, அப்படியானால் இந்த விரல், என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். சிஸ்டர், ஆமாம் என்றார். தையல்காரம்மா போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார். சிஸ்டர் கொஞ்சநேரம் அந்தப் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்தார். இயந்திரத்தை இனி மோட்டாரில் ஓட்டவேண்டியதுதான் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

எட்டு நாள் போன் செய்தார். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர், அப்ப நான் பெயிலா என்று கேட்டார். ஒரு அம்மாள், பரவாயில்லை விடுங்க சிஸ்டர், எல்லாருக்கும் நடக்கறதுதான் என்று சமாதானம் சொல்லி அழ வைத்தாள். தபால்காரர் மட்டும், என் பேத்திகிட்ட பீத்திக்கிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊதல் மாஸ்டர் கிண்டலை அடியோடு விட்டுவிட்டார். கதவைத் திறந்து தண்ணீர் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அந்த மரியாதை கிண்டலைவிடச் சுட்டது.

ஒன்பதாம் நாள் பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அதைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்தது சிஸ்டர்தான். கடைசல் பட்டறைக்காரர். நாற்பது வருஷம் இரும்பு கடைந்ததில் காது போனவர். முதல் வருஷம் வந்தபோது கண்ணை மூடிப் படுத்து, பத்து இடத்துக்கும் வாய் திறக்கவில்லை. மனசை வைங்க ஐயா என்று சிஸ்டர் அவர் காதுக்குப் பக்கத்தில் கத்தினார். மறுபடி பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே அம்மா என்றார் அவர். எல்லோருக்கும் தெரிவது இவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? சொன்னதைப் புரிந்துகொள்ளவில்லை, ஒத்துழைப்பு இல்லை என்று தாளில் எழுதி ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். கீச் சத்தம் காதில் விழாததால் உண்மையான பதில் சொன்னவர் அவர். அவரைத்தான் சிஸ்டர் வெளியே அனுப்பியிருந்தார்.

போனில் அவருக்குக் கேட்காது. நேரில்தான் போக வேண்டும்.

பட்டறை ஒரு முட்டுச்சந்தின் கோடியில் இருந்தது. மகன் பார்த்துக்கொள்கிறான், ஆனாலும் பெரியவர் வந்து வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிஸ்டர் தன்னை யாரென்று சொன்னார். கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னார். பெரியவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். உள்ளே இயந்திரத்தை நிறுத்தினார்கள். சந்தில் எதிர்வீட்டுப் பெண்மணி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

இத்தனை நாள் டாக்டரிடம் மெதுவாக, போனில் இன்னும் மெதுவாகச் சொன்னதை, அந்தச் சந்தில் நின்று கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஐயா, அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. உங்க கால் மரத்துத்தான் போயிருக்கு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"யாரு?"

"நான். நான் தப்பா எழுதிட்டேன்."

பட்டறை ஆட்கள் எல்லோரும் கைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சிஸ்டரைப் பார்த்தார்கள். பெரியவர் குனிந்து செருப்பைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, பாதத்தைத் தூக்கி முழங்கால்மேல் வைத்துக் காட்டினார். வெடிப்பில்லை, காயமில்லை, நகம் சீராக வெட்டியிருந்தது.

மனசை வையுங்கள் என்று நீங்கள் சொன்னீர்களே, அன்றைக்கிலிருந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்ப்பாராம். காலே இல்லாதவன் மாதிரி கால் இருந்தால் கண்ணால்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. வேலை விஷயம் சொல்கிற மாதிரி சொன்னார்.

சிஸ்டர் அந்தப் பாதத்தைப் பார்த்தார். நல்ல கால் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரவேண்டும், டாக்டர் உங்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறார், எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார்கள் என்று கத்தினார். பெரியவர் காலுறையைப் போட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

"மறுபடி நீங்கதான் பார்ப்பீங்களாம்மா?"

"இல்லை ஐயா. வேற ஒருத்தர்."

"என்னது?"

"நான் இல்லை. வேற ஒருத்தர்."

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப வரேன்."

சிஸ்டர் கைப்பையைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் நேரமும் எழுதினார். அறை எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் மகன் கையில் கொடுத்தார். உள்ளே இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.